சிக்கனம் இல்லாததாலா எங்கள் தாத்தாக்கள் ஏழைகளானார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யாங்கூனிலிருந்து எழுதுகிறேன், வீட்டுப் பேச்சில் எங்களுக்கு அது இன்னும் ரங்கூன்தான். கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். உங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கிறேன், அதில் வரும் சேமிப்புப் பகுதியையும் விடுவதில்லை. அண்மையில் அதில், தினம் ஒரு டீயை விட்டுவிட்டு அந்தக் காசை முதலீடு செய்தால் யார் வேண்டுமானாலும் செல்வந்தர் ஆகலாம், ஆகாதவர்களிடம் கட்டுப்பாடு இல்லை என்று பொருள்படும்படி எழுதியிருந்தது. அதைப் படம் பிடித்து இங்குள்ள நம் பிள்ளைகள் போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். என் அண்ணன் மகன் அதைக் கொண்டுவந்து காட்டி, "தாத்தா அப்பவே இப்படிச் சேத்திருந்தா நாம இன்னைக்கு வாடகை வீட்ல இருப்போமா சித்தப்பா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் அந்த டீக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 20 ரூபாய் என்றால் வருடத்துக்கு 7,300. வருடா வருடம் 12 சதவீதம் தவறாமல் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 30 வருடத்தில் 17 லட்சத்துக்கு மேல் வரும், கூட்டு வட்டிக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த 12 சதவீதத்தை யாரும் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கவில்லை, அது ஒரு அனுமானம். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 17 லட்சம் இன்றைய மதிப்பில் 3 லட்சம்தான். 3 லட்சம் கையில் இருப்பது நல்லது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 30 வருடம் டீ குடிக்காமல் இருந்தவருக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காணுமா என்ற அளவுக்குத்தான் அது வரும், அதைச் செல்வம் என்று எப்படிச் சொல்வது? பெரிய எழுத்தில் 17 லட்சத்தைப் போடுகிறவர்கள் பக்கத்திலேயே அந்த 3 லட்சத்தையும் போடவேண்டாமா?

சரி, இந்தியாவில் ரூபாய் நோட்டு ரூபாய் நோட்டாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. எங்கள் பர்மாவில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கியாட் என்பது இங்குள்ள பணம். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 1985 நவம்பரில் மறுபடியும் பெரிய நோட்டுகள் போயின, ஒரு வரம்பு வரைக்கும் மாற்றிக் கொடுத்தார்கள், அதற்குப் பதிலாக 75 கியாட் நோட்டு வந்தது, அப்புறம் 15, 35 என்று வந்தது. மக்கள் அவற்றில் சேர்க்கத் தொடங்கினார்கள். 1987 செப்டம்பர் 5-ம் தேதி 25, 35, 75 மூன்றும் செல்லாது என்றார்கள், இந்த முறை ஒரு கியாட்டுக்குக்கூட மாற்று இல்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காகிதமானது. அதே மாதம் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகளை வெளியிட்டார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்ததும், அடுத்த வருடம் 1988-ல் நாடே எழுந்ததும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

இதில் அதிகம் இழந்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கைக்கு வந்ததை அன்றே செலவழித்தவருக்குப் பெரிய நட்டம் இல்லை. மகள் கல்யாணத்துக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, அரிசிப் பானைக்கு அடியில் 75 கியாட் நோட்டுகளை அடுக்கி வைத்த அம்மாக்கள்தான் எல்லாவற்றையும் இழந்தார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அந்தப் பெண்களுக்கு யாராவது சிக்கனத்தைப் பற்றிப் பாடம் எடுக்க முடியுமா? அவர்கள் ஊதாரிகள் என்று என் அண்ணன் மகன் நினைத்துக்கொண்டு வளர்ந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

வங்கியில் போட்டிருக்கலாமே என்பீர்கள். 1963-ல் தனியார் வங்கிகள் எல்லாம் அரசுடைமை. பிறகு தனியார் வங்கிகள் மறுபடி வந்து, 2003 பிப்ரவரியில் கூட்டம் கூட்டமாக மக்கள் பணத்தைத் திரும்ப எடுக்கப் போய் நின்றபோது, வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு விடியற்காலையிலேயே ஏடிஎம் வாசலில் வரிசை. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 1,330 கியாட் அளவில் இருந்தது, 2024-ல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டிவிட்டது. பத்து லட்சம் கியாட் சேர்த்து வைத்திருந்த ஒருவர் அப்போது 750 டாலர் வைத்திருந்தார், அதைத் தொடாமல் அப்படியே வைத்திருந்தால் மூன்று வருடத்தில் அது 250 டாலருக்கும் கீழே. அவர் அந்த மூன்று வருடமும் டீ குடித்தாரா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு நம்பிக்கை, மண்ணில் போட்ட காசு வீண் போகாது என்பது. இதைப் பற்றி பர்மாத் தமிழரைவிட அதிகம் தெரிந்தவர்கள் குறைவு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், இங்கே எப்படிப் பணம் சேர்த்தார்கள் என்பதை நம் ஊரில் இரண்டே விதமாகச் சொல்கிறார்கள்: ஒன்று, கஞ்சத்தனம் என்று சொல்லும் அளவுக்குச் சிக்கனம், இல்லையென்றால் கொடும் வட்டி. இரண்டும் பாதி உண்மைகூட இல்லை. பெட்டியடிப் பையனாக வந்து அடுத்தாளாகி மேலாளாகும் வரை கிட்டங்கியில், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடத்தில், ஒரே கூடத்தில் படுத்து, நாள் தவறாமல் பேரேடு எழுதி, ஐந்தொகை (சொத்தும் கடனும் காட்டும் இருப்புக் கணக்கு) எடுத்து முதலாளிக்கு அனுப்பிய அந்த ஒழுங்கு பெரியதுதான், கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் தனி மரியாதை உண்டு. ஆனால் அதே ஒழுங்கோடு அவர்கள் ஊரிலேயே கடை வைத்திருந்தால் இவ்வளவு வந்திருக்குமா? 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டை வெட்டி வயலாக்க வந்த பர்மிய விவசாயிக்கு ஆங்கிலேய வங்கி கடன் கொடுக்காது, செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் விவசாயிக்குக் கொடுப்பார். நிலத்தை ஈடு வைக்கலாம், கடன் திரும்ப வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சட்டமும் இருந்தது. ரங்கூன் மொகல் தெருவில் இருந்த தங்கள் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள், ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்கினார்கள். 1930-ல் மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது பர்மா முழுக்கச் சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள், 75 கோடி ரூபாய் அளவுக்கு முதல். துறைமுகம், சட்டம், வங்கி, சாதிக் கட்டு, அப்புறம் மனித உழைப்பு, எல்லாம் சேர்ந்து வந்த பணம் அது.

போனதும் அப்படியே. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதியாகச் சரிந்தது, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார் பேரில் இருந்தது, 1938-ல் 25 சதவீதம். நிலம் வேண்டும் என்று அவர்கள் வாங்கியதில்லை அது, பணமாகத் திரும்பாத கடன் நிலமாகத் திரும்பியது. அந்த நிலத்தை இழந்த பர்மிய விவசாயி சோம்பேறியா? முட்டியளவு சேற்றில் நின்று டெல்டாவை உருவாக்கியவர் அவர்தான். தன் தலைமுறை உழைப்பு லண்டன் சந்தையில் விழுந்த ஒரு விலையால் போனதைப் பார்த்த அவருடைய கோபத்தை நாம் புரிந்துகொள்ளவேண்டும். அப்புறம் 1942-ல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கானோர் காட்டு வழியே நடந்தார்கள், 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது, 1964-ல் கடைகளும் அரசுடைமையாகி, கப்பலேறிய குடும்பங்கள் நகையைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போயின. இதை மூன்று வரியில் சொல்லிவிட்டேன், எங்கள் வீடுகளில் இதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

தங்கம் மட்டும் கைவிடாது என்பது இங்கே மதம் மாதிரி. அதில் நியாயமும் உண்டு. 2021 தொடக்கத்தில் ஒரு டிக்கல் தங்கம், அதாவது உங்கள் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் கூட, 13 லட்சம் கியாட் அளவில் இருந்தது, 2024-ல் 40 லட்சத்தைத் தாண்டியது. இதைப் பார்த்து "பணம் மூணு மடங்கு ஆயிடுச்சு" என்று பேசுகிறார்கள். அப்படிப் பெருகியது மிகக் கொஞ்சம்தான், பெரும்பகுதி கியாட்டின் வீழ்ச்சி. தங்கம் இருந்ததைக் காப்பாற்றிக் கொடுத்தது, அவ்வளவே, அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் உலகச் சந்தையில் 2011-ல் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம் 2015 கடைசியில் 1,050 அளவுக்கு இறங்கியதையும் பார்த்திருக்கிறோம். கடன் வாங்கித் தங்கம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

நான் கணக்கு எழுதும் வீடுகளிலும் கடைகளிலும் தினமும் பார்க்கிற ஒன்றை உங்கள் சேமிப்புப் பகுதி இதுவரை தொடவே இல்லை. சேமிப்பு என்று மாதம் ஒரு தொகையை ஒதுக்குகிற அதே குடும்பம், அடகுக்கடையில் மாதம் 3 வட்டிக்கு நகையை வைத்திருக்கும். வருடத்துக்கு 36 சதவீதம் கட்டிக்கொண்டு 8 சதவீதம் வாங்கினால் அந்தச் சேமிப்பு ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர்தான். முதலில் நகையை மீட்கச் சொன்னால், "சேமிப்பைத் தொடக்கூடாதுன்னு சொல்றாங்களே" என்கிறார்கள். சேமிப்பு புனிதம், கடன் அவமானம் என்று மனசில் பதிந்துவிட்டதால், கடனைப் பற்றி வாய்விட்டுப் பேசி அடைக்கும் வழியைத் தேடுவதற்குக்கூடக் கூச்சப்படுகிறார்கள்.

நோட்டு செல்லாமல் போன ஒவ்வொரு முறையும் மறுபடி எழுந்து நின்றவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரும்பாலும் அவர்கள் கையில் தொழில் இருந்தது: தையல், தச்சு, மோட்டார் ரிப்பேர், சமையல். அல்லது மொத்தக் கடைக்காரர் "பணம் அப்புறம் குடுங்க" என்று சரக்கைத் தூக்கிக் கொடுக்கும் அளவுக்கு நாணயம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடை அம்மா, 1987-ல் இருந்ததெல்லாம் போன பிறகு, ஒரு கட்டு லுங்கியைக் கடனாக வாங்கி நடைபாதையில் விரித்து உட்கார்ந்தார், இன்று அவர் மகன்கள் அந்தக் கடையை நடத்துகிறார்கள். அவருக்குச் சரக்குக் கொடுத்தவர் ஒரு பர்மிய முஸ்லிம் வியாபாரி, எந்தக் காகிதமும் எழுதவில்லை. அந்த அம்மாவும் சிக்கனமானவர்தான், ஆனால் அவரை நிமிர்த்தியது அந்த ஒரு கட்டுத் துணியைக் கொடுத்த கை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு ஆத்திரமாக எழுதுகிறேன் என்றால், பணம் இல்லாதது உன் குணத்தின் குற்றம் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற பிள்ளை ஒரு நாள் குறுக்கு வழி தேடும். போனில் யாரோ முகம் தெரியாதவர் நடத்தும் குழுவில் சேர்ந்து, வாரத்தில் இரட்டிப்பாகும் என்று அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் பணத்தைக் கட்டும். 2002-ல் இங்கே மாதம் 4, 5 சதவீதம் தருகிறோம் என்ற கம்பெனிகள் விழுந்ததில்தான் 2003 வங்கி நெருக்கடியே ஆரம்பித்தது, உங்கள் பக்கம் 1990-களில் 24, 36 சதவீதம் என்ற நிதி நிறுவனங்கள் மூடியபோது எத்தனை பென்ஷன்காரர்கள் தெருவில் நின்றார்கள் என்பது உங்கள் பழைய இதழ்களிலேயே இருக்கும். அங்கே போய் ஏமாந்தவர்களில் ஊதாரிகள் குறைவு, சேமித்து வைத்திருந்தவர்களே அதிகம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சேமிப்புப் பகுதியை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் எந்தத் தொகையை எழுதினாலும் விலைவாசி கழித்த தொகையையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். 12 சதவீதம் என்றால் அது யார் கொடுக்கும் உறுதி, எது வெறும் அனுமானம் என்று எழுதுங்கள். அடகு வட்டியைப் பற்றி ஒரு வாரம் எழுதுங்கள், உங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்கு அது உதவும். பணம் இல்லாதவருக்குக் கட்டுப்பாடு இல்லை என்ற அந்த வரியைத் தயவுசெய்து இனி அச்சில் ஏற்றாதீர்கள். எங்கள் பிள்ளைகளும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
யாங்கூன் வாசகர் ஒருவர்