ஓலைகளைத் திருப்பி வையுங்கள்

விளையாட்டின் கதைப் பிரிவினருக்கும், அப்டேட்டுகளுக்கு ஒப்புதல் தருகிறவர்களுக்கும்,

வணக்கம். சென்ற அப்டேட்டில் கதை சொல்லும் ஓலைகள், பேச்சுகள், பொருள் விவரங்கள் என எதையெல்லாம் எடுத்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "படிக்க வேண்டியதைக் குறைத்திருக்கிறோம்" என்று பேட்ச் குறிப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியால் மலைக்கோட்டை டன்ஜன் (கூட்டாகப் போய்ச் சண்டையிடும் இடம்) என்ன கதிக்கு ஆளானது என்பதை மட்டும் சொல்கிறோம்.

உள்வாசலில் நான்கு விளக்குகள். சரியான வரிசையில் ஏற்றினால் கதவு திறக்கும். தப்பினால் எலும்புப் படை வந்து விழும். நான்கு விளக்குக்கு 24 வரிசை உண்டு. எது சரி என்பதற்கான விடை கதையில் இருந்தது: நான்கு அக்கா தங்கைகள் கோட்டையை விட்டுப் போன வரிசை அது. மூன்று பேரைப் பற்றி நூலகத்து ஓலைகள் சொல்லும். நான்காமவளைப் பற்றிக் கிணற்றடி ஆயா சொல்வாள், அதுவும் இரண்டாம் முறை போய்ப் பேசினால்தான். இன்று ஓலைகள் இல்லை. ஆயா "சென்று வா, வீரனே" என்பதோடு வாயை மூடிக்கொள்கிறாள். விளைவு, எல்லோரும் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து 3-1-4-2 என்று பூட்டு நம்பர் மாதிரி அமுக்கிவிட்டு உள்ளே போகிறார்கள்.

அதைவிட மோசம் காப்பு. முன்பு அதன் விவரத்தில் இரண்டு வரி இருந்தது: கடைசித் தங்கை தன் அண்ணன் கையில் கட்டிவிட்டது, கழற்றக் கூடாது என்று. அதைப் போட்டுக்கொண்டு போனால், கடைசி பாஸின், அதாவது பெரிய எதிரியின், ஹெச்பி (உயிர் அளவு) 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அவன் வாளைக் கீழே போடுவான், ஏனென்றால் அந்த அண்ணனே அவன்தான். இப்போது "பழைய காப்பு. விலை 12 நாணயம்" என்று மட்டும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் மற்ற குப்பையோடு சேர்த்துக் கடையில் தள்ளிவிடுகிறார்கள். காப்பு இல்லாததால் பாஸுக்கு வெறி ஏறுகிறது, காயம் ஆற்றும் ஹீலருக்கு மானா (மந்திர சக்தி) தீர்கிறது, கூட்டாகப் போன ஐந்து பேரும் சாகிறார்கள். பாஸ் ரொம்பக் கடினம் என்று புகார் வந்தது. நீங்களும் இரக்கப்பட்டு பாஸின் ஹெச்பியைக் குறைத்தீர்கள். காப்புக்கு அந்த இரண்டு வரியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் போதுமே, ஐயா!

ஆகவே முதல் வேண்டுகோளே கடைசி வேண்டுகோளும்: எடுத்த ஓலைகளைத் திருப்பி வையுங்கள்.

இடம் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறோம். தமிழில் 300 சொல் உள்ள ஓர் ஓலை, ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் வீதம், 8 கிலோபைட் சுமாருக்கு வரும். கடையில் விற்கும் ஒரு குதிரைக்குப் போர்த்தும் 2048-க்கு 2048 புள்ளி டெக்ஸ்சர் (மேல்தோல் படம்), சுருக்காமல் 16 மெகாபைட். ஒரு குதிரைத் தோலில் ஏறக்குறைய 2,000 ஓலை அடங்கும். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் எழுதிய முதல் மட் (MUD, எழுத்தாலேயே பல பேர் ஆடும் ஆட்டம்) விளையாட்டில் படம் என்று ஒன்றுமே கிடையாது. எழுத்தை வைத்தே பல பேர் சேர்ந்து ஆடினார்கள்.

யாரும் படிப்பதில்லை என்பீர்கள். எல்லோரும் படிக்கத் தேவையே இல்லை. ஐந்து பேர் போகும் இடத்தில் ஒருத்தர் படித்திருந்தால் மற்ற நாலு பேருக்கும் வழியில் சொல்லிக்கொண்டே போவார். எங்கள் கில்டில் (ஆட்டக்காரர் குழுவில்) டேங்க் ஆடுகிறவர்கள், அதாவது முன்னால் நின்று அடி வாங்குகிறவர்கள், ஒரு வரி படிப்பதில்லை, ஆனால் தங்கைகள் கதை அவர்களுக்கு மனப்பாடம். ஆன்லைனில் லோர், அதாவது ஆட்டத்தின் பின்கதை, பரவுவது அப்படித்தான். வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்கிப் பட்டன் முன்பே இருக்கிறது.

குறைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் முறை உண்டு. ஃபைனல் ஃபேண்டஸி 14 சர்வர்களை 2012 நவம்பரில் மூடியபோது, விழும் நிலவைப் பிளந்துகொண்டு பகமூட் வந்து உலகை எரித்ததாக அதைக் கதையிலேயே முடித்தார்கள். 2013 ஆகஸ்டில் திறந்த புது உலகம் அந்த அழிவுக்கு ஐந்து வருடம் பிந்தியது. 2020-இல் அதன் தொடக்கக் குவெஸ்டுகளை (கதைப் பணிகளை) வெட்டியபோதும் கதையின் நூல் அறவில்லை. கில்டு வார்ஸ் 2-இல் 2013-14இல் வந்துபோன முதல் சீசனை மறுபடி ஆட வழியில்லாமல் இருந்தது. 2022-இல் அவர்களே அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இனி, புதிதாகத் திறந்த தெற்கு மண்டலம். எங்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறீர்கள், மறுக்க முடியாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண், முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம் எல்லாம் அச்சு அசல். ஆனால் வளவைச் சுற்றி வரிசையாக ஏன் அத்தனை அறைகள்? கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது ஒரு தனிக் குடும்பம், புள்ளிக்கு ஓர் அறை என்று ஓர் ஆச்சி சொன்னால் அதிலேயே நாலு குவெஸ்ட் பிறக்கும். கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர் பர்மாவிலிருந்து திரும்பவில்லை, அவர் அறைச் சாவி யாரிடம் என்பதே ஒரு குவெஸ்ட். நீங்களோ அறைக்கு நாலு சிலந்தியை விட்டிருக்கிறீர்கள். ஊர் எல்லையில் அய்யனாரின் மண் குதிரைகளை நிறுத்திவிட்டு, உடைத்தால் லூட் (பரிசுப் பொருள்) விழும்படி செய்திருக்கிறீர்கள். ஏறி வருகிறவர் யார் என்று விசாரிக்கக்கூட உங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? போகட்டும். கேட்க வந்தது இதை அல்ல.

பணிவுடன் கேட்கிறோம்: மூன்று ஓலைகளும் பழைய அலமாரியிலேயே இருக்கட்டும். ஆயாவுக்கு இரண்டாம் பேச்சு திரும்ப வேண்டும். காப்புக்கு அந்த இரண்டு வரி வேண்டும், கூடவே மொத்தமாக விற்கும் பட்டனில் அது சிக்காதபடி ஒரு பூட்டும். ஏற்கெனவே விற்றுவிட்டவர்களுக்குத் தபாலில் ஒன்று அனுப்பிவிடுங்கள். அது முடிந்ததும் பாஸின் ஹெச்பியைப் பழையபடி ஏற்றிக்கொள்ளலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து ஆட்டக்காரர்கள்