பழுப்புக் குருவி விவகாரம்

கோத்தகிரி,
ஜனவரி 18.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலியோடு கொடைக்கானல் பைன் காட்டில் ஏறி இறங்கியிருக்கிறாய், வீட்டில் திட்டு வாங்கினாயா இல்லையா?

நீ பார்த்த குருவியை நீலகிரி நெட்டைக்காலி (தரையில் நடந்து மேய்கிற பிப்பிட் வகைக் குருவி) என்று முடிவுகட்டிவிட்டாய். பழுப்பு, கோடு கோடாக நெஞ்சு, துரத்தினால் கிளையில் போய் உட்கார்ந்தது என்கிறாய். அந்தக் கடைசி அடையாளம்தான் ஆளைக் கவிழ்க்கும். நானும் ஒருமுறை அதில் ஏமாந்தவன். வயல் நெட்டைக்காலி விரட்டினால் கொஞ்ச தூரம் பறந்து மறுபடி தரையிலேயே இறங்கும். நீலகிரிக்காரன் பக்கத்துப் புதரிலோ மரத்திலோ ஏறுவான். ஆனால் குளிர்காலத்துக்கு இமயமலைப் பக்கமிருந்து வருகிற இன்னொரு நெட்டைக்காலியும் மரம்தான் ஏறும்.

அதனால் முதுகைப் பார். முதுகு பச்சை கலந்து, கோடுகள் மங்கலாக, கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தால் அது விருந்தாளி. மர நிழலில், சருகுக்கு மேல், வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்கும். நீலகிரி நெட்டைக்காலிக்கு முதுகிலும் தடித்த கோடுகள், இடம் திறந்த புல்வெளி. நீ சொல்வது பைன் மரத்தடி. நான் விருந்தாளிக்கே ஓட்டுப் போடுவேன்.

போன மாதம் அவலாஞ்சிப் பக்கம் போனேன். புல்மேட்டில் கால் வைத்ததும் ஒன்று எழுந்து கல்லுக்குப் பக்கத்துச் செடியில் உட்கார்ந்தது. நெஞ்சுக் கோடுகள் விலா வரை இறங்கியிருந்தன. 2000 மீட்டருக்கு மேலே புல்வெளி இல்லாவிட்டால் இவனுக்குப் பிழைப்பே இல்லை. அந்தப் புல்லில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) நட்டு வைத்தார்கள், இப்போது சீகை தானாகவே பரவுகிறது. மலை முழுக்கப் பச்சை என்று சுற்றுலாக்காரர்கள் மெச்சுகிறார்கள், எனக்குத்தான் வயிறு எரிகிறது.

தேயிலைத் தோட்டப் பாதையில் சாயங்காலம் சிவந்த அலகும் சிவந்த காலுமாகக் காடைகள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றில் குழப்பமே இல்லை, காலடியில் வெடி வைத்தாற்போல் எழும்பும்போதுதான் உயிர் போய்வருகிறது.

உன்னிடம் ஒரு வேலை. உங்கள் சோலைக்கிளிக்கு வயிறு வெள்ளை, விலா நீலம். எங்களுடையதற்கு விலா செம்பழுப்பு. நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறதே, அதுதான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. (பேரில்தான் கிளி, ஆள் கிளியில்லை, சோலைக்காட்டுச் சின்னக் குருவி. மலையாளத்தில் பறவைக்கே கிளி என்றுதான் பேர்.) சோலை ஓரம் விடியலில் அசையாமல் உட்கார்ந்து பார்த்து எழுது. வரும்போது பூண்டு ஒரு கிலோ வாங்கி வா, இங்கே விலை சொல்லி மாளவில்லை.

உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி