சீனி போட்ட டீயும் உன் கையேடும்

பாளையங்கோட்டை
ஞாயிறு

ஏலே,

உன் நிரலின் அமைப்புக் கோப்புக்கு நீ எழுதிய கையேடு வந்து மூன்று வாரம் ஆச்சு. பதில் போடாதது என் தப்புதான், அதற்காகப் பேட்டை பஸ் கதையை இழுக்காதே. இங்கே எல்லோரும் சுகம். அண்ணாச்சிக்கு முட்டிவலி தேவலை. தென்காசிப் பக்கம் சாரல் பிடித்துவிட்டது.

கையேடு முழுக்க வாசித்தேன். உன் எழுத்தில் குறை இல்லை. அந்த 'டீஃபால்ட்' கட்டம்தான் தொண்டையில் சிக்குகிறது. ஒரு வரியில் நிரல் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பைப் போட்டிருக்கிறாய், அடுத்த வரியில் மாதிரிக் கோப்பில் இருப்பதை, அதற்கடுத்து நீ வைக்கச் சொல்லும் மதிப்பை. மூன்றும் வேறுலே! டீக்கடையில் 'ஒரு டீ' என்றால் சீனி போட்டுத்தான் வரும். ஒன்றும் சொல்லாதவனுக்குக் கிடைப்பதுதான் டீஃபால்ட். டாக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னால் அது பரிந்துரை, அதற்குத் தனிக் கட்டம் போடு. அந்த வரியே கோப்பில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் டீஃபால்ட் கட்டத்தில் எழுது.

தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரோடு வரும் அமைப்புக் கோப்பைத் திறந்து பார். டீஃபால்ட் மதிப்புகளை எழுதி முன்னால் # போட்டிருப்பார்கள், # போட்ட வரியை நிரல் கண்டுகொள்ளாது. # இல்லாத வரிதான் டீஃபால்ட்டை மாற்றும் என்று மேலேயே சொல்லியிருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கோப்பும் இதே வழக்கம்தான். எந்த வரியை மாற்றினால் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும் என்பதையும் அந்தந்த வரியிலேயே குறித்திருப்பார்கள். உன் மாதிரிக் கோப்பில் பாதி வரிக்கு # இருக்கிறது, பாதிக்கு இல்லை. எது பிறவியில் வந்தது, எது நீ மாற்றியது என்று வாசிப்பவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அப்படியே நகலெடுத்துக்கொள்வான். அடுத்த பதிப்பில் நீ டீஃபால்ட்டைத் திருத்தினாலும் அவனிடம் பழைய மதிப்பே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் அலகு. 'காத்திருப்பு = 30' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். வினாடியா, மில்லிவினாடியா? போஸ்ட்கிரெஸில் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டுக்கு, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு வினவல் எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற வரம்புக்கு, வெறும் 30 போட்டால் 30 மில்லிவினாடி. கொஞ்சம் கனமான வினவல் எல்லாம் பாதியில் செத்துப்போகும். அலகை மதிப்போடு எழுதவை, இல்லையென்றால் பெயரிலேயே சேர். பூஜ்யம் இன்னும் மோசம். அதே டைம்அவுட்டில் 0 என்றால் வரம்பே கிடையாது. மெதுவான வினவல்களைப் பதியும் அமைப்பில் 0 என்றால் எல்லாவற்றையும் பதி என்று அர்த்தம், -1 போட்டால்தான் பதிவு நிற்கும். ஒரே கோப்பில் இந்த இரண்டு முகம்! அதனால் 0, -1, வெற்று மதிப்பு மூன்றுக்கும் பொருளைத் தனித்தனியாகச் சொல்லிவிடு.

இனி சொல்வது விளையாட்டில்லை. நிரல் இணைப்புக்குக் காத்துக் கேட்கும் முகவரிக்கு 0.0.0.0 வைத்திருக்கிறாய், அதாவது எந்த வலையமைப்பு வழியாகவும் உள்ளே வரலாம், கடவுச்சொல்லும் கட்டாயமில்லை. 2017 தொடக்கத்தில், இப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்களைத் துடைத்துவிட்டுப் பணம் கேட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த 3.6 பதிப்பில்தான் தன் கணினிக்குள் மட்டும் கேட்பது எல்லா நிறுவலுக்கும் டீஃபால்ட் ஆனது. நீ இப்போதே 127.0.0.1 வை, அது தன் கணினியை மட்டும் குறிக்கும் முகவரி. வெளியே திறக்க வேண்டியவன் தெரிந்தே திறக்கட்டும்.

எடுத்துக்காட்டில் ஆபீஸ் ஐபியை எதற்குப் போட்டாய், பாவி? 192.0.2.0/24 தொகுதியை இந்த மாதிரி ஆவணங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். எழுத்துகளைச் சேமிக்கும் குறியாக்க முறைக்கும், தமிழ் உட்பட எல்லா மொழிக்கும் இடம் தரும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 8.0 பதிப்பு வரும்வரை, தமிழ் எழுத்துக்கு இடமில்லாத லத்தீன்1தான் டீஃபால்ட். அதை மாற்றாமல் தமிழில் பெயர் ஏற்றினால், அம்பாசமுத்திரம் முழுக்கக் கேள்விக்குறியாக வந்து நிற்கலாம்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு வருவாய்தானே? திருத்திய பிரதியை அச்சடித்துக் கொண்டு வா, போனில் வாசிக்க என் கண்ணுக்கு முடியாது. மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்