இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு வாரம் கேட்கிறேன்: கணினித் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி கல்லூரிகளின் கணினி அறிவியல் துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, புதுச்சேரியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் நான். நீங்கள் கற்றுக்கொடுத்த சி மொழிதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். ப்ரீபிராசசரை (உரையில் வைத்த சுருக்கப் பெயர்களை, அதாவது மேக்ரோக்களை, முழு வடிவில் விரித்துத் தரும் கருவி) வைத்து உரைக்கோப்புகளைக் கையாளும் வேலைக்கு, லேப்பில் இரண்டே இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

நம் மாணவர்களுக்கு ப்ரீபிராசசர் என்பது ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி. ‘கம்பைலருக்கு முன்பே ஓடி, ஹாஷ் இன்க்ளூட், ஹாஷ் டிஃபைன் வரிகளை விரித்துக் கொடுப்பது’ என்று எழுதினால் மார்க் வந்துவிடும். (கம்பைலர் என்பது நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது; இன்க்ளூட் வரி வேறொரு கோப்பை உள்ளே கொண்டுவரும், டிஃபைன் வரி ஒரு மேக்ரோவை வரையறுக்கும்.) நானும் அப்படித்தான் வாங்கினேன். ஜிசிசி என்ற சி கம்பைலரிடம் மைனஸ் ஈ (ப்ரீபிராசசர் வேலையோடு நிறுத்து) என்று சொல்லி, ஐந்து வரி ஹலோ வேர்ல்டு நிரல் பல நூறு வரியாக விரிவதை நான் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

அப்போது எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கிலும் கிளை. ஒரே விண்ணப்பப் படிவம்தான், ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் முகவரி வேறு, நேரம் வேறு, இணைக்க வேண்டிய சான்றிதழ் கொஞ்சம் வேறு. மாகேக்கு மலையாளம் சேர்க்க வேண்டும், ஏனாமுக்குத் தெலுங்கு. அப்புறம் பிரெஞ்சில் ஒரு பிரதி. ஐந்து கோப்புகளையும் நான் கையால் பராமரித்தேன். கடைசித் தேதியை 15 என்பதிலிருந்து 25 ஆக்கச் சொன்னபோது நான்கில் மாற்றினேன், காரைக்கால் கோப்பு விடுபட்டுவிட்டது. 20ஆம் தேதி வாக்கில் ஒரு அக்கா போன் செய்தார். “தேதி முடிஞ்சிடுச்சுன்னு உங்க படிவத்துலதானே போட்டிருக்கு தம்பி, அதான் பொண்ண கூட்டிக்கிட்டு வரல” என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை பேர் போன் செய்யாமலே இருந்தார்கள் என்பது இன்னும் உறுத்துகிறது.

அலுவலகத்தில் மூத்த அண்ணன் ஒருவர் அன்று சாயங்காலமே எனக்கு எம்4 காட்டினார். 1977இல் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய மேக்ரோ ப்ராசசர் அது. சி மொழிக்கு மட்டுமானதல்ல, எந்த உரையைக் கொடுத்தாலும் மேக்ரோக்களை விரித்து வெளியே தரும். உங்கள் மாணவர்கள் லினக்ஸில் ஏதாவது மென்பொருளைக் கம்பைல் செய்யும் முன் கன்ஃபிகர் என்று தட்டியிருப்பார்கள். கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் அந்த ஸ்கிரிப்டைப் பெரும்பாலும் ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கியிருக்கும், ஆட்டோகான்ஃப் நிற்பதே எம்4 மேல்தான். சரி, படிவத்துக்கு வருகிறேன். அண்ணன் ஒரு மூலக்கோப்பு வைத்தார், பகுதிக்கு ஒரு சின்ன கோப்பு வைத்தார், எதிலிருந்து எதை உருவாக்க வேண்டும் என்று மேக் கருவிக்குச் சொல்லும் ஒரு மேக்ஃபைல் எழுதினார். கடைசித் தேதி ஒரே இடத்தில். மேக் என்று தட்டினால் ஐந்து படிவமும் புதிதாக வந்து நிற்கும்.

அதற்குமுன், தெரிந்த கருவிதானே என்று நான் சி ப்ரீபிராசசரையே முயன்று பார்த்தேன். அது சி மொழியின் கண்ணோடுதான் எதையும் பார்க்கும். இணைய முகவரியில் இரண்டு சாய்கோடு வந்தால் அது கமெண்ட் (நிரலில் ஓடாத குறிப்பு) என்று அதற்குப் பின்னால் இருப்பதைத் தூக்கிவிடும். சிறிய எழுத்தில் லினக்ஸ் என்ற ஆங்கிலச் சொல் வந்தால், குனு சிபிபி (ஜிசிசியின் ப்ரீபிராசசர்) வழக்கமான அமைப்பில் அதை 1 என்று மாற்றிவிடும், ஏனென்றால் அது முன்கூட்டியே வரையறுத்த ஒரு மேக்ரோ. எந்தக் கருவி எதற்கு ஆகாது என்பது புத்தகத்தில் படித்தால் மனதில் நிற்காது. ஒருமுறை முகவரி பாதியில் வெட்டுப்பட்டு வந்தால் நிற்கும்.

எம்4இலும் பொறி உண்டு. அதில் உரையை விரிக்காமல் அப்படியே வைக்கச் சொல்லும் மேற்கோள் பின்சாய்ந்த குறியில் தொடங்கி ஒற்றை மேற்கோளில் முடியும். பிரெஞ்சிலோ சொற்கள் சேரும் இடமெல்லாம் ஒற்றை மேற்கோள். மேக்ரோவுக்குள் கொடுத்த பிரெஞ்சு வாக்கியம் நடுவிலேயே முடிந்துபோனது. சேஞ்ச்கோட் என்று சொல்லி சதுர அடைப்புக்கு மாற்றிக்கொண்டோம். ஆட்டோகான்ஃபும் அதைத்தான் செய்கிறது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் டெனிஸ் ஒரூ எழுதிய ஜிபிபி இருக்கிறது. மேக்ரோ எந்தக் குறியில் தொடங்க வேண்டும், எதில் முடிய வேண்டும் என்று நாமே அதற்குச் சொல்லிவிடலாம்.

ஆனால் நான் இந்த மடலை எழுதுவது தமிழுக்காக. மூலக்கோப்பில் ‘விண்ணப்பங்களை’ என்று எழுதி, ஊர் மேக்ரோவைப் போட்டு, பக்கத்தில் ‘இல்’ சேர்த்தேன். வந்தது ‘ஏனாம்இல்’. காரைக்காலுக்கு ‘காரைக்கால்இல்’. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை அப்படியே நுழைத்தால் வாக்கியம் நின்றுவிடும். தமிழில் பெயரும் வேற்றுமை உருபும் சேரும்போது எழுத்தே மாறுகிறது. விதி எழுதிப் பார்த்தேன்: ‘ம்’ என்று முடிந்தால் அதை எடுத்துவிட்டு ‘த்தில்’ சேர். சிதம்பரம் ‘சிதம்பரத்தில்’ ஆனது, விருத்தாசலம் ‘விருத்தாசலத்தில்’ ஆனது. ஏனாம் ‘ஏனாத்தில்’ ஆகிவிட்டது. கடைசியில் ஒவ்வொரு ஊருக்கும் ‘இல்’ உருபுக்கு ஒன்று, ‘கு’ உருபுக்கு ஒன்று என்று தனித்தனி மேக்ரோ வைத்தோம். சலிப்பான வேலைதான். ஆனால் தவறாத வேலை.

நீங்கள் வகுப்பில் நடத்தும், ஒரு எண்ணின் வர்க்கத்தைத் தரும் ஸ்கொயர் மேக்ரோவும் இதே கதைதானே? அடைப்பில்லாமல் x*x என்று எழுதி 2+3 கொடுத்தால், அது 2+3*2+3 ஆகிவிடும்; 25 வராது, 11 வரும். ப்ரீபிராசசருக்குக் கணக்கும் தெரியாது, இலக்கணமும் தெரியாது, எழுத்தை மாற்ற மட்டும்தான் தெரியும். 11 என்ற விடையை மனப்பாடம் செய்த எனக்கு ‘ஏனாம்இல்’ வந்த அன்றுதான் அந்தப் பாடம் புரிந்தது.

எழுத்து என்று கூட அதற்குத் தெரியாது. கடலூர் என்ற சொல்லின் நீளத்தைக் குனு எம்4இடம் கேட்டால் 18 என்கிறது. நமக்கு அது நான்கு எழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஆறு குறியீடு, அவற்றைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் குறியீட்டுக்கு மூன்று பைட். எம்4 பைட்டைத்தான் எண்ணுகிறது. அதை வைத்துச் சொல்லை வெட்டினால் பாதி எழுத்து கட்டமாக வந்து விழும். இன்னொன்று, காட்டுமன்னார்கோவில். அதிலுள்ள ‘கோ’வை ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பைட்டை ஒப்பிட்டுத் தேடும் கருவியில் தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. அதனால் எந்த வேலைக்கும் முன்னால் உரையை, ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாகச் சேமிக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பைதான் மொழியில் அது ஒரே வரி. அந்த ஒரு வரி தெரியாமல் நான் அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

பைதானும், அதில் வார்ப்புருவை நிரப்பித் தரும் கருவியான ஜின்ஜாவும் இருக்கும்போது இந்தப் பழைய கருவிகள் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிபந்தனைகள் பெருகும் இடத்தில் நானும் ஜின்ஜாவைத்தான் எடுப்பேன், எம்4இல் சிக்கலான தர்க்கம் எழுதுவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கருவி உங்கள் விருப்பம். மாறுவது எது, மாறாதது எது என்று ஒரு கோப்பைப் பிரித்து வைக்கும் பழக்கத்தைத்தான் கேட்கிறேன். ஜின்ஜாவிலும் ‘ஏனாம்இல்’ அப்படியேதான் வரும்.

பயிற்சி இப்படி இருக்கலாம். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், விருத்தாசலம், திட்டக்குடி, குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோவில் என்று எட்டு ஊருக்கும் ஒரு மழைக்கால அறிவிப்பு. மூலக்கோப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். ரெக்கார்ட் நோட்டில் நிரலை எழுத வைக்காதீர்கள். எட்டு அறிவிப்பையும் அச்செடுத்து மாணவர் சத்தமாக வாசிக்கட்டும். ‘சிதம்பரம்இல்’ என்று வாசிக்க எந்தப் பிள்ளைக்கும் நாக்கு வராது. பிறகு தேதியை மாற்றச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் கொடுங்கள். எட்டிலும் மாறியிருந்தால் மார்க் போடுங்கள்.

எங்கள் பழைய படிவத்தின் மூலக்கோப்பையும் மேக்ஃபைலையும், வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டுத் தருகிறேன். சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. கடலூர் பக்கமோ புதுச்சேரி பக்கமோ, எந்தக் கல்லூரி லேப்புக்கும் வந்து மாணவர்களோடு உட்காரத் தயார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்,
கடலூர் முதுநகர்