கனகம் அக்கா வீட்டில் பதின்மூன்று பாகை

லண்டன்
27.12.2025

அன்பின் ராணி,

நலம். உன் நலமறிய ஆவல். டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைத்துக் குளோரின் போட்டாயிற்றா? மிட்வைஃப் வேலையில் பென்சன் எடுத்தும் உனக்குப் பழைய பழக்கம் விடாது. ஊரார் கிணறுகளையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு திரிவாய் என்று எனக்குத் தெரியும்.

போன முறை கதைத்தபோது, "வெள்ளைக்காரன் நாட்டில் குளிருக்கு ஆட்கள் சாகிறார்களாமே, அதுவும் வீட்டுக்குள்ளே?" என்று கேட்டாய். நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். உண்மைதான். பனியில் விறைத்துச் சாகிறவர்கள் மிகக் குறைவு. குளிர்ந்த வீட்டுக்குள் இருக்கிற வயதானவர்களுக்கு இரத்தக் குழாய் சுருங்கி, பிரஷர் ஏறி, இரத்தமும் தடித்துப்போகிறது. சில நாள் கழித்து மாரடைப்போ பாரிசவாதமோ வரும். நெஞ்சுச் சளி இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்து சேரும். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் குளிர் என்று யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். உனக்கு இதையெல்லாம் நான் விளக்குவது கொஞ்சம் அதிகம், மன்னித்துக்கொள்.

மூன்று வீடு தள்ளி கனகம் அக்கா இருக்கிறார். புங்குடுதீவுக்காரர், 77 வயது, தனி ஆள். மகன் ரொறன்ரோவில். விளக்கீட்டன்று அவர் வாசலில் ஒரு விளக்கும் இல்லையே என்று கதவைத் தட்டினேன். கோட்டு, சால்வை, மங்கித் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டுதான் வந்து திறந்தார். எங்கோ வெளிக்கிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, அதுதான் வீட்டு உடுப்பு. சுடுதண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் இருந்திருக்கிறார். இங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும். கவுன்சிலில், அதாவது இங்கத்தைய உள்ளூராட்சி சபையில், கொடுக்கிற ஒரு சின்ன வெப்பமானி அட்டை என் கைப்பையில் இருந்தது. மேசையில் வைத்துப் பார்த்தேன். 13 பாகை. வயதானவர்கள் இருக்கிற வீடு குறைந்தது 18 பாகையாவது இருக்க வேண்டும் என்று அந்த அட்டையிலேயே எழுதியிருக்கிறது.

அவருடையது முற்பண மீற்றர். கடைக்குப் போய் கார்ட்டில் காசு ஏற்றினால்தான் கேஸ் வரும், தீர்ந்தால் நின்றுவிடும். கம்பனி வந்து வெட்டினால் எங்காவது ஒரு பதிவு இருக்கும். காசு ஏற்றாமல் இருப்பவரைப் பற்றி யாருக்குத் தெரியும்? "நான் பழகிட்டன் பிள்ளை, கரண்ட் இல்லாத காலத்தில கடலுக்குள்ள இருந்தனாங்கள்" என்கிறார். தீவுக் குளிரும் இந்தக் குளிரும் ஒன்றா?

உதவி இல்லை என்று சொல்ல மாட்டேன் ராணி. நிறைய இருக்கிறது, அதுதான் எனக்குக் கோபம். பென்சன்காரர்களுக்குக் குளிர்கால எரிபொருள் காசு என்று 1997 முதல் ஒன்று உண்டு. அக்காவின் வயதுக்கு 200 பவுண்ஸ், 80 தாண்டினால் 300. 2024இல் அரசாங்கம் அதை ஏழைப் பென்சன்காரருக்கு மட்டும் என்று குறுக்கியது. ஏழை என்பதற்கு அவர்கள் வைத்த முக்கிய அளவுகோல், வருமானம் குறைந்த பென்சன்காரருக்குக் கொடுக்கிற பென்சன் கிரெடிட் என்கிற உதவிக் காசை எடுக்கிறாரா என்பது. அக்காவுக்கு அந்தப் பெயரே தெரியாது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்கவில்லை, அதனால் அந்த வருடம் இந்தக் காசும் போய்விட்டது. எதிர்ப்பு வலுத்து இந்த வருடம் 35,000 பவுண்ஸ் வருமானம் வரைக்கும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பென்சன் கிரெடிட்டுக்கு இப்போதுதான் அவருக்காக எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் மூன்று மாதம் பின்னோக்கியும் தருவார்கள். கரண்ட் பில்லில் 150 கழியும். டிவி லைசென்சும் இலவசம். ஒரு கதவு திறந்தால் அடுத்தது திறக்கிறது. முதல் கதவில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருப்பதுதான் வில்லங்கம்.

கடுங்குளிர்க் காசு என்றும் ஒன்று உண்டு. ஏழு நாள் தொடர்ந்து சராசரி சுழியம் பாகையிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் 25 பவுண்ஸ். லண்டனில் ஆறாம் நாள் வெயில் எறித்துவிடும்!

உனக்குப் பிடிக்கிற ஒரு விசயம். இங்கே 2013 முதல் பொதுச் சுகாதாரம் ஆஸ்பத்திரிப் பக்கம் இல்லை, கவுன்சிலிடம் இருக்கிறது. எங்கட சுகாதார வைத்திய அதிகாரியின் எம்.ஓ.எச். கந்தோரைக் கொண்டுபோய் பட்டினசபைக்குள் வைத்த மாதிரி. நல்ல யோசனைதான். குப்பை, வீடு, நூலகம், சுகாதாரம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஆனால் காசு மேலேயிருந்து வர வேண்டும். கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கென்று 2021இல் கவுன்சில்களுக்கு ஒரு நிதி கொடுத்தார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி நீட்டி வருகிற மார்ச்சோடு முடிக்கிறார்கள். ஏப்ரலில் வேறு பெயரில் வரும். இந்த நிலைமையில் அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் அடுத்த மாரிக்கு எப்படித் திட்டம் போடுவார்கள், சொல்லு.

நான் போவது நூலகத்துக்கு. 2022இல் கேஸ் விலை தாறுமாறாக ஏறியபோது நாடு முழுக்க நூலகம், தேவாலயம் எல்லாம் கதவைத் திறந்து வைத்து, சூடான இடம், வந்து இருங்கள் என்றார்கள். எங்கள் நூலகத்தில் செவ்வாயும் வியாழனும் நான் தேத்தண்ணி ஊற்றுகிறேன், தமிழ் ஆட்களுக்குப் படிவம் நிரப்புகிறேன். நேர்ஸ் வரும் நாளில் பிரஷர் பார்ப்பார்கள். குளிருக்கு ஒதுங்க வந்தேன் என்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார். ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியார் தினமும் "பேப்பர் பார்க்க" வருகிறார். ஒரே பக்கம், இரண்டு மணித்தியாலம். நானும் கேட்பதில்லை.

அங்கே ஒரு இளம் தாய் வருகிறாள். வாடகை அறை முழுக்கப் பூஞ்சணம், பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. வீட்டுச் சொந்தக்காரரும் எங்கட ஆள்தான். அவர் சொன்ன வைத்தியம், "புட்டு அவிக்கிறதை நிப்பாட்டுங்கோ". 2020இல் இங்கிலாந்தின் ரொச்டேல் பட்டணத்தில் பூஞ்சணம் பிடித்த வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை அவாப் இஷாக் இறந்ததும், அவன் பெயரிலேயே ஒரு சட்டம் வந்ததும் உனக்குத் தெரிந்திருக்காது. இந்த ஒக்டோபரில் அமலுக்கு வந்தது. உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரர் கவனிக்க வேண்டும். ஆனால் கவுன்சில் மாதிரியான பொது வீடுகளுக்கு மட்டும். இவளைப் போலத் தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னும் இல்லை. கவுன்சிலின் வீட்டுப் பரிசோதகருக்கு அவளுக்காக நான் கடிதம் எழுதியிருக்கிறேன். வீட்டுச் சொந்தக்காரர் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தையும் கடிதத்தில் எழுதினேன்.

எனக்கு அடிக்கடி உன் சைக்கிள்தான் ஞாபகம் வருகிறது. மிட்வைஃப் அக்கா வருகிறா என்றால் எந்த வீட்டிலும் கேட்காமல் படலை திறக்கும். எந்த வீட்டில் பிள்ளைக்கு நிறை குறைவு, எவள் இரும்புக் குளிசையை எறிகிறாள், எல்லாம் உனக்குத் தெரியும். இங்கே குளிர் எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அழகாக வருகிறது. கனகம் அக்காவின் போனுக்கு அது வராது. அவர் போனில் மகனின் படம் மட்டும்தான் வரும்.

அக்காவுக்குச் சளிக்காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. விற்றமின் டி குளிசையும் தொடங்கியிருக்கிறார். எங்கட தோலுக்கு இந்த வெயில் போதாது என்று டாக்டர் என்னையும் எடுக்கச் சொன்னார். மகனுக்கு நான் போன் எடுத்ததற்கு அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மானம் போய்விட்டதாம். மூன்றாம் நாள் பருப்புக் கறியோடு வந்தார், இன்னமும் கோட்டோடு. இப்போது காலையும் மாலையும் ஹீற்றர் போடுகிறார், நான் பார்க்க வருகிற நேரம் பார்த்து.

நூலகம் கிறிஸ்மஸுக்குப் பூட்டு. செவ்வாய்க்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரை வேண்டாமாம், அது கிழடுகளுக்காம். யன்னலோரம்தான் வேண்டுமாம்.

ஆராவது வந்தால் ஒடியல் மாவும் கொஞ்சம் பருத்தித்துறை வடையும் கொடுத்துவிடு. கூழ் காய்ச்சி நூலகத்துக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டிருக்கிறேன். மீன் மணத்துக்கு என்ன சொல்வார்களோ தெரியாது.

அன்புடன்,
சாந்தி