சிங்காரத்துக்கு வந்த போட்டி

உறையூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் நேற்று வந்தது. மூட்டு மாற்று அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் மாடிப்படி இறங்குகிறாய் என்று படித்ததும் ஒரு கவலை விட்டது. அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதென்று மூன்று பக்கத்துக்குப் பூனைப் புராணம் எழுதிவிட்டாய். பரவாயில்லை, கல்லூரி நாளிலிருந்து உன் புராணம் கேட்டுப் பழகிய காதுதானே.

பையனுக்குப் பெங்களூரில் கிடைத்த புது வீட்டில் பூனை கூடாதாம், அதனால் தன் பூனை மிளகை உன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஏழு வருடமாக வீட்டை ஆண்டுகொண்டிருந்த சிங்காரம் அன்றிலிருந்து சீறுகிறான், உறுமுகிறான், தூக்கப் போனால் உன்னையும் அறைகிறான். இதுதானே சங்கதி? பக்கத்து ஃபிளாட் அம்மாவின் யோசனையை மட்டும் கேட்டுவிடாதே. இரண்டையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் அடித்துப் புரண்டு தானே ஒன்றாகிவிடும் என்கிறாராம். பூனைக்கு இது சுத்தமாக ஒத்துவராது. சண்டை போட்ட பிறகு ராசியாகிக்கொள்ளும் வழக்கம் அதற்குப் பெரிதாகக் கிடையாது. முதல் நாள் வாங்கிய அடி மாதக்கணக்கில் மனதில் நிற்கும். ஏற்கெனவே இரண்டும் நேருக்கு நேர் பார்த்துவிட்டன என்று எழுதியிருக்கிறாய். சரி, மிளகை உள்ளே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு, தாமதமாகிவிடவில்லை.

சிங்காரத்தின் மேல் கோபப்பட்டும் பிரயோசனமில்லை. வீட்டுப் பூனைக்கு மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரிந்த காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடும் பிராணி. ஓர் எலி ஒரு வயிற்றுக்குத்தான் காணும், கூட்டம் சேர்ந்து பங்கு போட்டுத் தின்ன அதில் என்ன இருக்கிறது? ஆகவே தன் எல்லைக்குள் இன்னொரு பூனை காலை வைத்தால் சாப்பாட்டில் கை வைக்க வந்ததாகத்தான் பொருள். நீ தட்டு நிறையக் கொட்டி வைத்தாலும் அந்தப் புத்தி போகாது. மீன் மார்க்கெட்டில் பத்துப் பூனை ஒன்றாகக் கிடக்கவில்லையா என்று கேட்பாய். பெரும்பாலும் அவை தாயும் மகளும் அக்காள் தங்கையுமாக அங்கேயே பிறந்து வளர்ந்தவை. வெளியிலிருந்து புதுமுகம் வந்தால் அங்கேயும் விரட்டுதான்.

அதனால் முதலில் வாசனை அறிமுகமாகட்டும், ஆள் அறிமுகம் பிற்பாடு. சிங்காரம் கதவு நிலையிலும் சோபாக் காலிலும் உன் சேலையிலும் கன்னத்தை உரசிக்கொண்டு போகிறானே, கன்னத்திலும் தாடையிலும் உள்ள சுரப்பிகளின் வாசனையைப் பூசிவிட்டுப் போகிறான். நமக்கு மூக்கில் ஏறாது. அவனுக்கு அந்த வாசனை இருக்கும் இடமெல்லாம் பயமில்லாத இடம். அதற்கு நடுவே மிளகின் வாசனை திடீரென்று கலந்ததில்தான் ஆள் கலங்கிப்போயிருக்கிறான்.

மிளகைப் பையன் அறையிலேயே விட்டுக் கதவைச் சாத்து. தண்ணீர், சாப்பாடு, மண் பெட்டி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி எல்லாம் உள்ளேயே இருக்கட்டும். பாவம் அடைத்துப் போடுகிறோமே என்று நினைக்காதே. புது இடத்தில் முழு வீட்டையும் திறந்துவிட்டால் அது கட்டிலுக்கடியில்தான் போய் ஒடுங்கும். இரண்டு வாரமாவது இப்படி இருப்பது உடம்புக்கும் நல்லது. பூனைப் பார்வோ போன்ற தொற்றுநோய் உள்ளே இருந்தால் அதற்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். அவளுடைய தடுப்பூசி அட்டையைப் பையனிடமிருந்து வாங்கிப் பார்.

அப்புறம் ஒரு பழைய பருத்திப் புடவைத் துண்டை எடுத்து மிளகின் கன்னத்திலும் காதுக்கு முன்பக்கத்திலும் மெல்லத் தடவி, சிங்காரத்தின் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் போடு. அவனைத் துடைத்த துணி அவளுக்கு. முகத்துக்கு நேரே நீட்டாதே, தானாக வந்து மோந்து பார்க்கட்டும். எங்கள் இரண்டாவது பூனை பொரி வந்த புதிதில், மூத்தவள் ராணிக்கு இதைத்தான் செய்தேன். துணியை மோந்தாள், மேலுதட்டைச் சுருக்கிக்கொண்டு, வாயைப் பாதி திறந்தபடி, கண்ணை எங்கோ நிறுத்தி அப்படியே நின்றாள். வாந்தி எடுக்கப் போகிறது என்று நினைத்து அவர் ஓடிப்போய் செய்தித்தாளைக் கொண்டுவந்து விரித்தார்! உண்மையில் பூனையின் மேலண்ணத்தில் முன்பற்களுக்குப் பின்னால் சின்னத் துவாரங்கள் இருக்கின்றன. அதன் வழியாக வாசனையை உள்ளே இழுத்து, அதற்கென்றே உள்ள உறுப்பில் ஆராய்கிறது. சிங்காரம் அப்படி முகத்தைக் கோணினால் பயப்படாதே. மோந்துவிட்டு அலட்டிக்கொள்ளாமல் சாப்பிடப் போனால் நல்ல சகுனம். துணியைப் பார்த்தே சீறினால் இன்னும் தள்ளிப் போட்டு நாலு நாள் பொறு.

துணி பழகியதும் சாப்பாட்டைக் கதவுக்கு இருபுறமும் கொண்டுவா. இவன் வெளியே, அவள் உள்ளே, நடுவில் சாத்திய கதவு. முதல் நாள் தட்டு தூரத்தில் இருக்கட்டும், இருவரும் நிம்மதியாகத் தின்றால் மறுநாள் ஒரு சாண் நெருக்கி வை. அந்த நேரத்துக்கென்று விசேஷமாக ஏதாவது கொடு, முள் நீக்கி வேகவைத்த மீன் மாதிரி. (புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டுக்கு மீன்காரர் வந்தது ராணிக்கும் பொரிக்கும் மட்டும்தான். அவர் அதைப் பார்த்துவிட்டு விட்ட பெருமூச்சு இருக்கிறதே!) அந்த வாசனை வந்தால் நல்ல சாப்பாடு வரும் என்று இரண்டுக்கும் பதிய வேண்டும், அவ்வளவுதான். இடையிடையே சிங்காரத்தை உன் அறையில் வைத்துவிட்டு மிளகை ஒரு மணி நேரம் கூடத்தில் உலாவ விடு. அவளும் இங்கங்கே கன்னத்தை உரசிவிட்டுப் போகட்டும்.

நேரில் பார்ப்பதற்குப் பையன் அறையின் கொசுவலைக் கதவு உனக்கு வசதி. கம்பி வலைதானே? ஒட்டுகிற நைலான் வலையாக இருந்தால் நம்பாதே, ஒரே பிறாண்டலில் கிழிந்துவிடும். முதலில் கீழ்ப்பாதியைப் போர்வையால் மறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விலக்கு. சீறலைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம், 'எட்டிப் போ' என்று சொல்கிறது. அதற்காக அவனை அதட்டாதே. அதட்டினால் 'இவள் வந்ததால்தான் எனக்குத் திட்டு' என்று இன்னொரு கணக்கும் சேரும். சத்தமே இல்லாமல் உடம்பை விறைத்துக்கொண்டு, இமைக்காமல் முறைத்து, வால் நுனியை மட்டும் அடித்தால்தான் ஜாக்கிரதை. உடனே போர்வையை இழுத்து மூடிவிடு. பார்வையை வேறு பக்கம் திருப்புவது, கண்ணை மெதுவாக மூடித் திறப்பது, எதிராளி இருக்கும்போதே உட்கார்ந்து தன் காலை நக்கிக்கொள்வது, இதெல்லாம் வந்தால் வலைக்கதவைத் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள். சில சோடிக்கு இரண்டு மூன்று வாரம் போதும், சிலதுக்கு மாதக்கணக்கில் ஆகும். வயது வந்த பூனைகள் என்றால் மாதம் என்றே மனதைத் தேற்றிக்கொள்.

இரண்டாம் வருடம் நம் ஹாஸ்டல் அறையில் மூன்றாவது கட்டில் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? வந்தவள் நல்லவளா கெட்டவளா என்று பார்ப்பதற்கு முன்பே, ஜன்னலோர மேசை போய்விட்டது என்று நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். சிங்காரத்துக்கு ஜன்னலோர மேசை எது என்று கண்டுபிடி. பீரோ மேல் இடமா, காலையில் பால்கனி வெயிலா, ராத்திரி உன் கால்மாட்டில் படுப்பதா? அதில் மிளகு பங்கு கேட்காதபடி அவளுக்கு வேறு இடம் செய்து கொடு. புத்தக அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்தாலே போதும். மண் பெட்டி பூனைக்கு ஒன்று, உபரியாக ஒன்று, ஆக மூன்று வேண்டும். மூன்றையும் ஒரே பாத்ரூமில் வரிசையாக வைத்தால் வாசலில் ஒருவன் உட்கார்ந்து மூன்றையும் மறித்துவிடுவான். தள்ளித் தள்ளி வை.

இனி சொல்வதை நன்றாகக் கேள். சிங்காரம் ஆண், சற்றுப் பருமன், எந்நேரமும் உலர் உணவு. இப்படிப்பட்ட கடுவன்களுக்கு மனக்கலக்கத்தில் சிறுநீர்ப்பை வீங்குவதும் மூத்திரம் அடைத்துக்கொள்வதும் உண்டு. வீட்டுக்குப் புதுப் பூனை வருவது அதற்கு ஒரு முக்கியமான காரணம். மண்ணில் அடிக்கடி போய் முக்கி முக்கி உட்கார்ந்து சொட்டுக்கூட வராவிட்டால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்காதே. ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்து. ராத்திரியானாலும் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நேரத்தையும் இப்போதே விசாரித்து வை. யாராவது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாலும் காட்டிவிடு, பட்டினி பூனையின் ஈரலைக் கெடுக்கும்.

எல்லாம் மீறி அடித்துக்கொண்டால் நடுவில் கையை நீட்டாதே. கனமான துண்டைத் தூக்கிப் போடு, அல்லது தலையணையை இடையில் தள்ளு. பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிடும். உனக்கு முட்டியில் செயற்கை மூட்டு இருக்கிறது, கடிக் காயத்துக் கிருமி ரத்தம் வழியாக அங்கே போய்த் தங்கலாம். சின்னக் கடியானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போ, மூட்டு மாற்றியதையும் சொல்.

மிளகுக்குக் கருத்தடை ஆகிவிட்டதா என்று நீ எழுதவே இல்லை. ஆகாவிட்டால் முதலில் அதைப் பார். அவள் பருவத்துக்கு வந்து கத்தினால் தெருக் கடுவன்களெல்லாம் உன் ஜன்னலுக்குக் கீழே கச்சேரி வைக்கும். வெளியே இருப்பவனை எட்ட முடியாத ஆத்திரத்தில் சிங்காரம் பக்கத்தில் இருப்பவள் மேல் பாய்வான். வெடிச் சத்தமும் அப்படித்தான், மிரண்ட பூனைக்கு எதிரில் இருப்பதெல்லாம் எதிரி. ஆகவே தீபாவளி முடியும் வரை கதவைத் திறக்கும் பேச்சே வேண்டாம். அன்று இருவரும் தனித்தனி அறையில், ஜன்னல் சாத்தி.

இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்கும் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று பையன் கேட்கிறானாம். அவன் ஆசை அவனோடு இருக்கட்டும். எங்கள் வீட்டில் ராணியும் பொரியும் ஒரே சோபாவில் படுப்பார்கள், நடுவில் ஒரு தலையணை. பொரி சில நாள் நெருங்கி வந்து அவள் காதை நக்குவான், இரண்டு நக்கு பொறுத்துக்கொள்வாள், மூன்றாவதற்கு அறை. ஆனால் சாப்பாடும் மண் பெட்டியும் தூக்கமும் யாருக்கும் தடைப்படவில்லை. எனக்கு அதுவே நல்ல உறவாகத்தான் படுகிறது. சேர்ந்து படுக்கவில்லையே என்று ஏங்குவது நாம்தான், அவர்களுக்கு அந்தக் குறை இல்லை.

இங்கே அவர் ஓய்வு பெற்றதிலிருந்து மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கத்தரிக்காய் போடுகிறார். புது மண் கொட்டிய அன்றே பொரி போய் உரம் போட்டுவிட்டு வந்துவிட்டான், அதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இவர்களுக்கு எந்தத் துணியை எதில் தடவுவது என்றுதான் தெரியவில்லை.

சின்னவளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பத்திரிகை அடித்ததும் வருகிறது. பட்டு எடுக்கச் சென்னைக்கு வருவேன், உன் வீட்டில்தான் தங்கல். எந்த அறை காலியாக இருக்கும் என்று சிங்காரத்தைக் கேட்டு எழுது.

அன்புடன்,
வசந்தி