பதக்கத்தைத் துலக்க வேண்டாம், சீருடையைத் துவைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பட்டாளப் பதக்கங்களைப் புளியும் விபூதியும் போட்டுத் துலக்கினால் புதிதுபோல் பளபளக்கும் என்று தங்கள் வீட்டுக்குறிப்புப் பகுதியில் வந்திருந்தது. பளபளக்கும்தான். ஆனால் அதைச் செய்த பிறகு பதக்கத்தில் படிக்க எதுவும் மிஞ்சாது. தயவுசெய்து மறுப்பு வெளியிடுங்கள்.

முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல் 36 மி.மீ. விட்டமுள்ள வெள்ளி வட்டம். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபுறம் குதிரைமேல் ஆடையற்ற வீரன். இந்த இரண்டு முகமும் எல்லாப் பதக்கத்துக்கும் ஒன்றுதான். இது இன்னாருடையது என்று சொல்வது விளிம்பு மட்டுமே. வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கே பொடி எழுத்தில் குத்தப்பட்டிருக்கும். விபூதி வெள்ளியைத் தேய்க்கும், புளியின் அமிலம் வெண்கலத்தை அரிக்கும். கடையில் விற்கும் பாலிஷும் மெருகுப்பொடி கலந்ததுதான்; எழுத்தின் இடுக்கில் வெள்ளையாகப் படிந்துபோகும். கறுப்பேறிய வெள்ளியை அப்படியே விடுங்கள், காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றினால் போதும். வெண்கலத்தில் பச்சைத்தூள் பூத்திருந்தால் மரப் பல்குச்சியால் மெல்ல நிமிண்டி எடுக்கலாம். நைந்த ரிப்பனையும் கழற்றி எறியக் கூடாது.

வார் மெடலில் வெள்ளி 65 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டன; வெண்கலம் ஏறத்தாழ 1,10,000தான். இந்தியா, சீனா, மால்டாவிலிருந்து போன தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில்தான் தந்தார்கள். ‘வெறும் பித்தளை’ என்று பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போவது பெரும்பாலும் இந்த அரிய வகைதான். வெள்ளியோ நகைக்கடையில் உருக்கப்படுகிறது.

வாங்குபவர்கள் வெர்னியர் காலிப்பரால் விட்டத்தை நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். 36 மி.மீ.க்குக் குறைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். முகப்பு கூர்மையாக இருந்து விளிம்பு மட்டும் மெலிந்திருந்தால், பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் வெட்டியிருக்கிறார்கள். முகப்பே மழுங்கி ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால் அது அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலி. உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவு குறைகிறது. பெயர் இல்லாததாலேயே ஒன்றைப் போலி என்றும் தள்ளிவிட முடியாது. இரண்டாம் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேதான் வழங்கியது.

சீருடையைத் துவைப்பது இதைவிட மோசம். அந்தக் காலத்துக் காக்கித் துணியிலும் நூலிலும் ஒளியூட்டும் ரசாயனம் கிடையாது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் அவை மங்கலாகவே தெரியும், பிற்காலத் தையல் நூலோ நீலமாகப் பளிச்சிடும். அந்த ரசாயனம் கலந்த சலவைத்தூளில் ஒருமுறை முக்கிவிட்டால் அசலும் நீலமாக மின்னும். பிறகு அசல், போலி இரண்டையும் இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. உட்புறத்தில் மையால் குத்திய தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் கரைந்துபோகும் என்பது தனி.

கம்பளிச் சட்டையில் பூச்சி இருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒருநாள் கழித்தே பையைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்றின் ஈரம் துணியில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அதன்பின் பாலித்தீனிலேயே விட்டுவைக்காமல் அமிலமற்ற காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைப்பது நல்லது. பி.வி.சி. உறையில் பதக்கம் வைத்தால் பிசுபிசுப்பாகப் பச்சை ஏறும்.

இரும்புத் தொப்பிக்குப் புது பெயின்ட் அடிக்க வேண்டாம். பிரிட்டிஷ் தொப்பியின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டிருந்தால் ‘குண்டு பாய்ந்தது’ என்று விலை ஏற்றுவார்கள். தரம் குறைந்த எஃகு என்று அடையாளம் காட்டத் தொழிற்சாலையிலேயே போட்ட துளைகள் அவை; விமானத் தாக்குதல் காவலர் போன்ற சிவில் ஆட்களுக்குப் போனவை.

பெட்டியில் தோட்டாவோ கையெறி குண்டோ கிடந்தால் தொடாமல் காவல்துறையை அழையுங்கள். விளிம்பில் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றிருந்தால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு நீலகிரி வெலிங்டனிலுள்ள அதன் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லை. இணையத்தில் வெளிநாட்டாரிடம் விலை பேசுவோர் இதையும் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்